கிரேக்க வெண்கல நாணயங்கள்: நகரின் முத்திரையும் கிடைத்த இடமும்

கிரேக்க நாணயங்களைச் சேகரித்தோர் நெடுங்காலம் வெள்ளிக்கே முதலிடம் தந்தனர். ஏதென்சின் ஆந்தைக் காசும் சிராக்கூசாவின் பெரிய வெள்ளிக் காசும் கலைப்பொருள்களாகப் போற்றப்பட்டன. தேய்ந்தும் களிம்பேறியும் கிடைத்த வெண்கலச் சில்லறை அத்தகைய மதிப்பைப் பெறவில்லை. ஆயினும் நகர மக்களின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலை அறிய அதுவே நெருங்கிய சான்றாகும். அச்சான்றில் ஒரு பாதி காசிலும் மறுபாதி அது கிடைத்த இடத்திலும் அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வெள்ளிக் காசின் மதிப்பு பெரிதும் அதன் எடையைச் சார்ந்தது. வெண்கலக் காசு பெரும்பாலும் வெளியிட்ட நகரின் ஆணையால் செல்லுபடியானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலியின் அக்ரகாஸ் நகரம் பல் போன்ற வடிவில் வெண்கலத் துண்டுகளை வார்த்து, மதிப்பைக் குறிக்கப் புள்ளிகள் இட்டது. கருங்கடற்கரையின் ஒல்பியா டால்பின் வடிவக் காசுகளை வார்த்தது. ஏதென்சு மட்டும் தயங்கியது. மீன் செதிள் அளவான வெள்ளித் துணுக்குகளை அங்குள்ளோர் வாயில் அடக்கிச் சென்றதை அரிஸ்டோஃபனீசின் நாடகங்கள் காட்டுகின்றன. பெலொப்பொனீசியப் போரின் இறுதியில் வெள்ளி அருகவே, வெள்ளி பூசிய செப்புக் காசுகள் வெளிவந்தன, கி.மு. 405இல் அரங்கேறிய ‘தவளைகள்’ நாடகம் அவற்றை எள்ளுகிறது. வெண்கலக் காசு அந்நகரில் நிலைபெற்றது 4ஆம் நூற்றாண்டில்தான். 8 கால்கஸ் ஓர் ஒபோல். 6 ஒபோல் ஒரு திராக்மா.

நகரங்கள் வெண்கலக் காசு வெளியிட்டதன் நோக்கத்தை செஸ்தோஸ் நகரக் கல்வெட்டு வெளிப்படையாகவே கூறுகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெனாஸ் என்பாரைப் பாராட்டிப் பொறிக்கப்பட்ட அத்தீர்மானம் இரு காரணங்களைச் சுட்டுகிறது: நகரின் முத்திரை வழங்க வேண்டும், நாணய வருவாய் மக்களுக்குச் சேர வேண்டும். பெருமிதமும் ஆதாயமும் இவ்வளவு ஒளிவின்றி அருகருகே நிற்கும் ஆவணம் அரிது.

இக்காசுகள் பெரும்பாலும் பிறந்த ஊரைச் சுற்றியே புழங்கின. வெள்ளி புதையலாக மறைக்கப்பட்டது; வெண்கலமோ கை தவறி விழுந்து, தேடப்படாமல் தரையில் கிடந்தது. ஆகவே அதன் கிடைப்பிடம் நம்பத்தக்க சாட்சி. கி.மு. 348இல் இரண்டாம் பிலிப்பு அழித்த ஒலிந்தோஸ் நகரை 1928 முதல் டேவிட் ராபின்சன் அகழ்ந்தபோது, சில வீடுகளில் பிற்கால மாசிடோனிய மன்னன் கசாண்டரின் வெண்கலக் காசுகள் கிடைத்தன. அழிவுக்குப் பின்னரும் அங்கு மக்கள் குடியிருந்தனரா என்னும் விவாதத்தில் அவை முதன்மைச் சான்றாயின. சந்தையில் அவை மலிவானவை. அவ்வீட்டுத் தரையிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தால், கசாண்டர் காசு வெளியிட்டான் என்னும் தெரிந்த செய்தியையே அவை மீண்டும் கூறியிருக்கும்.

சேகரிப்பு முழுவதையும் இதனால் இகழ்தல் முறையன்று. சுவிட்சர்லாந்தின் இம்ஹூஃப்-புளூமர் சிறு நகரங்களின் காசுகளையும் புறக்கணியாது திரட்டி ஆராய்ந்தார். அவர்தம் பெருந்தொகுப்பு 1900இல் பெர்லின் அருங்காட்சியகத்தை அடைந்து ஆய்வுக்குப் பயன்பட்டது. எனினும் தொகுப்பாளரின் கல்வி எவ்வளவு ஆழமாயினும், பதிவு செய்யப்படாத கிடைப்பிடத்தை அது மீட்டுத் தராது. அமிலமிட்டுத் துலக்கும் வழக்கமோ எஞ்சிய சான்றையும் கரைக்கிறது: களிம்போடு எழுத்தும் போய்விடுகிறது. காசை வாங்குவோரும் அருங்காட்சியகத்தாரும் முதலில் கேட்க வேண்டியது அதன் அழகையன்று. எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடைத்தது என்பதையே.