ஆடுகளமும் அலைகடலும்

பிறந்த கன்று சிறிது நேரத்தில் எழுந்து நிற்கிறது. மறுநாளே தாயைச் சுற்றித் துள்ளுகிறது. துள்ளுமாறு அதனை எவரும் ஏவுவதில்லை. வளரும் உடல் அசைவை நாடுவது இயற்கை. மக்கட் குழவியும் தவழ்ந்தும், நடந்தும், ஓடியும் தன் உடலைத் தானே உரமாக்கிக்கொள்கிறது. அவ்வியற்கையைப் போற்றி வளர்ப்பதும், அடக்கி ஒடுக்குவதும் பெற்றோர் கையிலும் ஆசிரியர் கையிலும் உள்ளன.

இளமையில் ஓடியாடிய இன்பம் முதுமையிலும் மறவாதது என்பதற்குச் சங்கச் சான்றோர் ஒருவரே சான்றாவார். தொடித்தலை விழுத்தண்டினார் என்பது அவர் பெயர். புறநானூற்றின் 243ஆம் பாட்டு அவர் பாடியது. பூண் கட்டிய கோலை ஊன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதுமையில், அவர் தம் சிறுபருவத்தை எண்ணுகிறார். நீர்த்துறையில் படிந்து தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க மடுவில் குதித்து, அடியாழத்து மணலை அள்ளிக் காட்டிய நாள் அவர் நினைவுக்கு வருகிறது. அவ்விளமை இப்போது எங்குளதோ என்று இரங்குகிறார். அவருக்கு நினைந்து இரங்கவேனும் அத்தகைய இளமை ஒன்று இருந்தது. ஓடாமலும் ஆடாமலும் இளமையைக் கழித்தவர் முதுமையில் எதனை நினைப்பர்?

இவ்வினா இன்று பெரிதும் எண்ணத்தக்கது. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடல் நன்கு உழைக்குமாறு ஓடியாட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்நிறுவனத்தின் அறிஞர் பல நாட்டுப் பள்ளி மாணவர்களைப் பற்றி ஆராய்ந்து, 2019ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். 11 முதல் 17 வயது வரை உள்ளோரில் நூற்றுக்கு 81 பேர் அவ்வளவு நேரம் உடலை இயக்குவதில்லை என்று அவர்கள் கண்டனர். ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் பிற்பட்டிருந்தது.

உடல் உழைப்பின் பயன் யாது? ஓடும்போது இதயம் விரைந்து துடிக்கிறது. நாளடைவில் அது வலுப்பெற்று, ஒரு துடிப்பில் மிகுந்த குருதியைச் செலுத்த வல்லதாகிறது. குதித்தலாலும் பளு தூக்கலாலும் எலும்பு உரம் பெறுகிறது. எலும்பின் உரத்தில் பெரும்பகுதி இருபது வயதை ஒட்டிய காலத்திற்குள் சேர்ந்துவிடுவது. பிற்காலத்தில் அதனைப் புதிதாகத் தேடிக்கொள்ளுதல் அரிது. உழைத்த உடல் இரவில் நன்கு உறங்குகிறது. உறங்கி எழுந்த மூளை பாடத்தைத் தெளிவாகப் பற்றுகிறது. ஆதலின் விளையாட்டு கல்விக்குப் பகையன்று, துணையே ஆகும்.

பயிற்சியால் மனித உடல் எத்துணை வலிமை எய்தும் என்பதை இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை பலமுறை கண்டுள்ளது. இராமேசுவரத் தீவின் கிழக்கு முனை தனுட்கோடி. அதன் வடபால் உள்ள அமைதியான கடலைப் பெண்கடல் என்றும், தென்பால் கொந்தளிக்கும் கடலை ஆண்கடல் என்றும் மீனவர் வழங்குவர். அம்முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல் உள்ளது. அங்கே நீரோட்டம் நீந்துவோரை வழிமாற்றி இழுக்கும். சொறிமீன்கள் உடலைச் சுடும்.

1966ஆம் ஆண்டு ஏப்ரலில், வங்கத்தைச் சேர்ந்த மிகிர் சென் என்னும் வழக்கறிஞர் தலைமன்னாரில் கடலில் இறங்கினார். 25 மணி 36 நிமிடம் நீந்தித் தனுட்கோடியை அடைந்தார். அவர் எடுத்த எடுப்பிலேயே வென்றவர் அல்லர். ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று சில முறை தோற்று, அதன் பின்னரே 1958இல் வெற்றி கண்டவர். 1994ஆம் ஆண்டில் ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன் என்னும் தமிழ்ச் சிறுவர் தலைமன்னாருக்கும் தனுட்கோடிக்கும் இடைப்பட்ட கடலைத் தம் பன்னிரண்டாம் வயதில் நீந்திக் கடந்தார். கோடை விடுமுறையில் நீச்சல் பழகத் தொடங்கியவர் அவர். அவருக்கு 1996ஆம் ஆண்டுக்குரிய அருச்சுனா விருது வழங்கப்பெற்றது.

இவர்களினும் நெஞ்சில் நிறுத்தத்தக்கவர் ஜியா ராய் என்னும் மும்பைச் சிறுமி. கடற்படை வீரர் ஒருவரின் மகளாகிய அவர், பேசிப் பழகுதலை அரிதாக்கும் மதியிறுக்கம் என்னும் குறையுடையவர். அக்குறைக்கு மருந்துபோல் உதவும் என்றே அவருக்கு நீச்சல் பழக்கினர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், தம் பதின்மூன்றாம் வயதில், அவர் தலைமன்னாரிலிருந்து 13 மணி 10 நிமிடத்தில் தனுட்கோடி வந்து சேர்ந்தார். உடற்பயிற்சி வலியோர்க்கே உரியது என்று கூறுவார்க்கு அச்சிறுமியே விடை.

இவ்வரலாறுகளைக் கேட்ட மாணவர் உடனே கடலில் குதித்தல் வேண்டா. கடல் கடந்தோர் அனைவரும் பல்லாண்டு பழகியவர். துணைக் கலங்கள் சூழ நீந்தியவர். பெரியோர் துணையின்றி நீரில் இறங்குதல் வீரம் ஆகாது. அவர்கள் கற்பிக்கும் பாடம் வேறு. இன்று சிறிது, நாளை அதனினும் சிறிது மிகுதி என நாள்தோறும் தளராது பழகினால் உடல் இசைந்து கொடுக்கும் என்பதே அப்பாடம்.

விருதும் புகழும் இன்றி உடலை உரமாக்கியோரும் அக்கரையில் பலர். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளில் வளர்ந்த பாசியைப் பறிப்பர். தாயரிடமிருந்து மகளிர் கற்றுவந்த தொழில் அது. பெண்பிள்ளைகளுக்கு ஓட்டமும் ஆட்டமும் எதற்கு என்று கேட்போர் அம்மகளிரை ஒருமுறை காண்பாராக. பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாமும் இராமேசுவரத்துச் சிறுவரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஓடும் புகைவண்டியினின்று எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுத்துச் சேர்க்கும் வேலையில் உறவினருக்கு உதவியவர் அவர். உடலுழைப்பு அவர் கல்வியைக் குறைக்கவில்லை.

பள்ளியில் உடற்பயிற்சிக்கென வகுத்த நேரம் உடற்பயிற்சிக்கே உரியது. தேர்வு நெருங்குகிறது என்று அந்நேரத்தை வேறு பாடத்திற்கு எடுத்துக்கொள்ளுதல், விதைநெல்லைக் குற்றி உண்பது போன்றதாகும். விளையாட்டில் வல்லவரை மட்டும் களத்தில் இறக்கி, ஏனையோரை ஓரத்தில் நிறுத்துதலும் தகாது. மெலிந்த சிறுவனும் பருத்த சிறுமியும் நகைப்புக்கு அஞ்சி ஒதுங்குவராயின், பயிற்சி யாருக்கு மிகத் தேவையோ அவருக்கே அது கிட்டாமற் போகும். சடுகுடுவுக்கும் நொண்டிக்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சிறிது வெற்றிடமும் நான்கு தோழரும் போதும். சிலம்பத்திற்கு ஒரு கோலும் நல்ல ஆசானும் போதும்.

வீட்டிலும் வழிகள் பல. தண்ணீர் சுமத்தல், வாசல் பெருக்குதல், தோட்டம் கொத்துதல், பள்ளிக்கு நடந்தோ மிதிவண்டியிலோ செல்லுதல் ஆகிய யாவும் பயிற்சியே. தாம் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியை நோக்கிக்கொண்டு, பிள்ளையை மட்டும் ஓடு என்று ஏவும் பெற்றோர் சொல் பயன்படாது. மாலையில் பிள்ளையோடு தாமும் சிறிது தூரம் நடப்பாராயின், அந்நடையே சிறந்த அறிவுரையாகும்.

எல்லாரும் கடலை நீந்திக் கடக்க வேண்டுவதில்லை. ஆனால் நீண்ட வாழ்க்கையை எல்லாரும் கடந்தே ஆகவேண்டும். அதற்கு வேண்டிய வலிமையைச் சேர்க்கும் பருவம் இளமை; சேர்க்கும் இடம் பள்ளியின் ஆடுகளமும் வீட்டின் முற்றமும் ஆகும்.

வினாக்கள்

1. தொடித்தலை விழுத்தண்டினார் எதனை எண்ணி இரங்கினார்?
2. உடற்பயிற்சி கல்விக்குத் துணையாவது எவ்வாறு?
3. உம் வீட்டில் நாள்தோறும் நீர் செய்யக்கூடிய உடலுழைப்புகளைப் பற்றி ஒரு பத்தி வரைக.