மாணவனின் முதல் கடன் அட்டை

பிள்ளை கல்லூரியில் காலடி வைத்ததும், "உனக்கென்று ஒரு கிரெடிட் கார்டு வேண்டாமா?" என்ற அழைப்பு அவனைத் தேடி வருகிறது. எந்த அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை, எதில் தள்ளுபடி அதிகம் என்று தோழர்கள் கூடி ஆராய்கின்றனர். முஸ்லிம் மாணவன் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நாம் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது?

கடன் அட்டை பெயருக்கேற்பக் கடனேயாகும். கடையில் நாம் அட்டையை நீட்டினால், வங்கி தன் பணத்தைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு நம் பெயரில் கடன் எழுதிக்கொள்கிறது. குறித்த தேதிக்குள் முழுத் தொகையையும் செலுத்தினால் வட்டியில்லை. சிறிது பாக்கி நின்றாலும் வட்டி ஏறுவதோடு, அடுத்து வாங்கும் பொருள்களுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி கணக்காகும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தால் அன்றே வட்டி தொடங்கிவிடும்.

"குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்" என்ற வரியில்தான் பிள்ளைகள் ஏமாறுகின்றனர். 10,000 ரூபாய் பாக்கி. வட்டி மாதம் 3.5 விழுக்காடு, குறைந்தபட்சத் தொகை 500 ரூபாய் என வைத்துக்கொள்வோம். அதில் வட்டிக்கு 350 ரூபாயும், அவ்வட்டியின் மீதான 18 விழுக்காடு வரிக்கு 63 ரூபாயும் போய்விடும். அசலில் கழிவது 87 ரூபாய்தான்!

இனி மார்க்கச் சட்டத்தைப் பார்ப்போம். வட்டியை விட்டுவிடும்படி அல்லாஹ் தஆலா அல்பகரா அத்தியாயத்தின் 278, 279ஆம் வசனங்களில் கடுமையாக எச்சரிக்கிறான். வாங்குபவரோடு கொடுப்பவரும், அதை எழுதுபவரும், சாட்சிகளும் பாவத்தில் சமமானவர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

"நான்தான் தேதி தவறாமல் கட்டிவிடுவேனே?" என்று மாணவன் கேட்கலாம். இதற்குச் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாத் மாநாட்டில் விடையளித்துள்ளது. தாமதத்திற்கு வட்டி என்ற நிபந்தனையுள்ள கடன் அட்டையை, தவணைக்குள் கட்டும் எண்ணம் இருந்தாலும் பயன்படுத்தலாகாது என்பதே அம்முடிவு. உண்மையான தேவையிருந்து, வட்டி சேராதென்ற உறுதியும் இருந்தால் அனுமதிக்கும் உலமாக்களும் உள்ளனர். ஆனால் சொந்த வருமானமில்லாத மாணவனுக்கு அந்த உறுதி எங்கிருந்து வரும்?

வருமானமில்லாத மாணவருக்கு, வைப்பு நிதியை ஈடாகப் பெற்று அட்டை கொடுக்கும் வங்கிகள் பல. இங்கே வட்டி இரு பக்கமும் நிற்கிறது: வைப்புப் பணத்திற்கு வட்டி வருகிறது, பாக்கிக்கு வட்டி போகிறது. தந்தையின் அட்டையோடு இணைத்துத் தரப்படும் துணை அட்டையில், பிள்ளை செய்யும் செலவுக்குத் தந்தையே பொறுப்பாளி.

ஆகவே முதல் அட்டையாக டெபிட் கார்டே போதுமானது. நம் கணக்கில் இருக்கும் பணமே செலவாவதால் அதில் கடனில்லை. வட்டி நிபந்தனையற்ற இத்தகைய அட்டைகளை அதே அகாடமி 2004இல் மஸ்கட்டில் ஆகுமாக்கியது. சேமிப்புக் கணக்கில் வட்டி சேர்ந்தால், அதைத் தனியே பிரித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என உலமாக்கள் கூறுவர். கேளாமலே கடன் அட்டை வந்தால் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. கேளாதவருக்கு அட்டை வழங்கக்கூடாதென ரிசர்வ் வங்கி 2022இல் ஆணை பிறப்பித்தது.

முன்பே அட்டை வாங்கிவிட்ட பிள்ளைகள் பெற்றோரிடம் மறைக்க வேண்டாம். பாக்கியை முழுமையாகத் தீர்த்து, அட்டையை முடித்துவிடும்படி வங்கிக்கு எழுதிக் கொடுக்கட்டும். பெற்றோரும் ஏசுவதை விட்டு, அக்கடனைத் தீர்க்க முதலில் கைகொடுக்க வேண்டும். நாள் தள்ளத் தள்ள வளர்வது வட்டியே.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டும் பாதுகாப்புத் தேடினார்கள். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். படிக்கும் வயதிலேயே நம் பிள்ளைகளின் நாவு அந்நிலைக்கு ஆளாக வேண்டுமா?

வல்ல நாயன் நம் இல்லங்களை வட்டியின் வாடையும் அண்டாமல் காத்தருள்வானாக! ஆமீன்.