தோட்டா சேம்பருக்குள் முழுசாகப் போகவில்லை, ஏன்?

கேள்வி: ஐயா, டெக்சாஸில் டாலஸ் பக்கம் வசிக்கிறேன். யு.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டிகளில் சுடுகிறேன். கடையில் வாங்கும் 9 எம்.எம். தோட்டா விலை கட்டுப்படியாகாததால் ரீலோடிங் ஆரம்பித்தேன். என் துப்பாக்கி சிஇசட் 75 வகை. பூச்சு பூசிய, தட்டை மூக்குள்ள 124 கிரெயின் குண்டைப் போடுகிறேன். மொத்த நீளம் என் நண்பர் சொன்ன 1.140 அங்குலம். அவருடைய கிளாக்கில் இதே தோட்டாக்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகின்றன. என்னுடையதில் ஒவ்வொரு பெட்டியிலும் நாலைந்து தோட்டாவுக்கு ஸ்லைடு கடைசிக் கொஞ்ச தூரம் மூடாமல் நின்றுவிடுகிறது. பின்னாலிருந்து கையால் தட்டினால் சில மூடுகின்றன. கடைத் தோட்டாவில் இந்தத் தொல்லை இல்லை. கிரிம்ப்பை இன்னும் இறுக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கிரிம்ப் டையைத் தொடாதீர்கள். அதைவிட முக்கியமாக, ஸ்லைடைத் தட்டி மூடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மூட மறுக்கும் தோட்டா ஏதோ ஓரிடத்தில் இடிக்கிறது. தட்டினால் அது இன்னும் இறுக மாட்டிக்கொள்ளும். பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தால் குண்டு குழலிலேயே தங்கி, கூடு மட்டும் கழன்று வந்து, மருந்து துப்பாக்கிக்குள் கொட்டும். ஸ்லைடு சரியாக மூடாதபோது சுட விடாத அமைப்பு பெரும்பாலான பிஸ்டல்களில் உண்டு. ஆனால் அதை நம்பி ஒரு பழக்கத்தை வளர்க்கக் கூடாது.

நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரே தோட்டா ஒரு குழலில் போகிறது, இன்னொன்றில் போகவில்லை. சேம்பர் முடிகிற இடத்துக்கும் உள்வரிகள், அதாவது ரைஃப்ளிங், தொடங்குகிற இடத்துக்கும் நடுவே ஒரு வெற்று இடைவெளி உண்டு. கிளாக்கில் அது தாராளமாக இருக்கும். சிஇசட் குழல்களில் அது குட்டை என்பது ரீலோடிங் செய்பவர்களுக்கு நெடுநாள் பழகிய சங்கதி. அதோடு நீங்கள் போடுவது தட்டை மூக்குக் குண்டு. உருண்டை மூக்குக் குண்டு முன்பக்கம் சீக்கிரமே ஒடுங்கிவிடும். தட்டை மூக்கில் முழு விட்டம் வெகுதூரம் முன்னே வரை நீளும். எனவே மொத்த நீளம் ஒன்றாகவே இருந்தாலும் உங்கள் குண்டின் தோள் ரைஃப்ளிங்கை முதலில் தொட்டுவிடும். பிரஸ்ஸிலிருந்து வரும் தோட்டாக்களின் நீளம் ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை மாறும். நீங்கள் எல்லையின் விளிம்பில் நிற்பதால் நாலைந்து மட்டும் மாட்டுகின்றன, மற்றவை தப்பிவிடுகின்றன. இது என் ஊகம். ஊகத்தை வைத்து டையைத் திருப்பாமல், குழலையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டுப் பிரித்து, குழலைத் தனியே எடுங்கள். சேம்பரைச் சுத்தமாகத் துடையுங்கள். குழலின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து, தோட்டாவை மேலிருந்து போடுங்கள். தன் எடையில் 'டொக்'கென்று போய் உட்கார வேண்டும். விரல் நுனியால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். குழலைக் கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். அமெரிக்காவில் இதைப் பிளங்க் டெஸ்ட் என்பார்கள். காசில்லாத சோதனை. இதைவிட நேர்மையான கருவி எதுவும் இந்தத் தொழிலில் இல்லை.

மாட்டுகிற தோட்டாவை எடுத்து, மூக்கிலிருந்து அடி வரை கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசுங்கள். மை உலர்ந்ததும் குழலில் போட்டு லேசாகத் திருப்பி எடுத்துப் பாருங்கள். குண்டின் தோளில் மை உராய்ந்து கோடுகள் விழுந்திருந்தால் ரைஃப்ளிங்கில் இடிக்கிறது, நீளம் அதிகம். பித்தளைக் கூட்டின் வாய் விளிம்பில் மை போயிருந்தால், குண்டை உட்காரவைக்க விரித்த வாய் முழுதாக மடங்கி நேராகவில்லை. அந்த ஒரு நிலையில்தான் கிரிம்ப் டைக்கு வேலை. வாய்க்குச் சற்றுக் கீழே ஒரு பக்கம் மட்டும் உராய்ந்திருந்தால் குண்டு சாய்ந்து உட்கார்ந்து கூட்டைப் புடைக்கச் செய்திருக்கிறது. அப்போது விரிப்பு போதவில்லையா, குண்டை அமுக்கும் தண்டு அந்த மூக்குக்குப் பொருந்தவில்லையா என்று பார்க்க வேண்டும். அடிப்பகுதியில், விளிம்புக்குச் சற்று மேலே உராய்ந்திருந்தால் சைஸிங் டை போதுமான அளவு கீழே இறங்கவில்லை. மைதானத்தில் பொறுக்கிய கூடுகள் பல துப்பாக்கிகளின் சேம்பரில் வீங்கி வந்தவை. டை ஷெல் பிளேட்டைத் தொடும் வரை இறங்கினால்தான் அந்த வீக்கம் வடியும்.

கிரிம்ப்பை இறுக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இது. 9 எம்.எம். தோட்டாவுக்கு ரிவால்வர் தோட்டாவைப் போலப் புடைத்த விளிம்பு கிடையாது. கூட்டின் வாய் சேம்பரின் படியில் முட்டி நின்றுதான் தோட்டா நிலைகொள்கிறது. வாயை அளவுக்கு மீறி மடித்தால் அந்தப் பிடி தளரும். சாமி எனப்படும் அமெரிக்கத் தரநிலை அமைப்பின் அளவுப்படி வாயின் வெளிவிட்டம் அதிகபட்சம் 0.380 அங்குலம் (9.65 மி.மீ.). நான் 0.378 வாக்கில் நிறுத்துவேன். கிரிம்ப் செய்யும் வேலை, விரித்த வாயை நேராக்குவது மட்டுமே. குண்டைப் பிடித்து நிறுத்துவது சைஸிங் டை இறுக்கிய பித்தளையின் இழுவிசை. மேலும் இறுக்கினால் உள்ளே இருக்கும் மென்மையான ஈயம் நசுங்கி அப்படியே நின்றுவிடும். பித்தளையோ சற்றே மீண்டும் விரியும். முடிவில் பிடி கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. உங்கள் குண்டில் இன்னொரு கேடும் சேரும்: பூச்சு வெட்டுப்பட்டு, குழலுக்குள் ஈயம் படிந்து, குறி பாழாகும். ஒரு தோட்டாவைச் சுத்தி வகைக் குண்டு உருவியால் பிரித்துக் குண்டைப் பாருங்கள். வளையம்போல் தடம் விழுந்து பூச்சு கிழிந்திருந்தால் இப்போதே கிரிம்ப் அதிகம்.

இனி நீளம். மருந்தும் பிரைமரும் இல்லாத ஒரு கூட்டை எடுங்கள். சைஸ் செய்து, வாயை விரித்து, உங்கள் குண்டை வேண்டுமென்றே நீளமாக உட்காரவையுங்கள். வாயின் விரிப்பை மடித்துவிடுங்கள். குழலில் போடுங்கள், மாட்டும். டையைக் கொஞ்சம் இறக்கி மறுபடி அமுக்குங்கள், மறுபடி போடுங்கள். எந்த நீளத்தில் அது டொக்கென்று உட்கார்ந்து, தடையின்றிச் சுழன்று, கவிழ்த்தால் விழுகிறதோ அதை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 0.015 அங்குலம் குறைத்தால் அதுதான் அந்தக் குண்டுக்கு, அந்தக் குழலில், உங்கள் நீளம். குண்டின் கம்பெனியோ வடிவமோ மாறினால் முதலிலிருந்து மறுபடி. புத்தகத்தில் இருக்கும் 1.169 அங்குலம் (29.69 மி.மீ.) என்பது 9 எம்.எம். தோட்டா தாண்டக் கூடாத எல்லை. எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்காக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நண்பரின் 1.140 அவருடைய குழலுக்குச் சொந்தமான எண்.

இந்தப் பதிலில் ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நீளத்தைக் குறைப்பது தொல்லையைத் தீர்க்கும், ஆபத்தையும் கொண்டுவரும். 9 எம்.எம். கூடு மிகச் சிறியது. குண்டை ஆழமாக இறக்கினால் மருந்து எரிய இருக்கும் இடம் சுருங்கி, அழுத்தம் விறுவிறுவென ஏறும். அந்தத் தோட்டாவுக்குச் சாமி வகுத்த உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. ஆகவே புதிய நீளத்துக்குப் பழைய மருந்தளவை அப்படியே போடாதீர்கள். அச்சிட்ட கையேட்டில் அதே எடை, அதே வகைக் குண்டுக்கான பக்கத்தைத் திறந்து, அவர்கள் எந்த நீளத்தில் சோதித்தார்கள் என்று பாருங்கள். உங்கள் நீளம் அதைவிடக் குறைவென்றால் தொடக்க அளவுக்கு இறங்கிவந்து அங்கிருந்து சிறுகச் சிறுக ஏறுங்கள். நண்பர் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்று மருந்தளவு போடுவது எவ்வளவு அனுபவசாலிக்கும் தகாது.

இதே காரணத்துக்காக, முடிந்த தோட்டாவில் குண்டு உள்ளே நழுவுகிறதா என்றும் பாருங்கள். நீளத்தை அளந்து, மேசை விளிம்பில் மூக்கை வைத்துக் கட்டைவிரலால் உறுதியாக அழுத்தி, மறுபடி அளங்கள். மேகசினிலிருந்து ஏறும்போது தோட்டாவின் மூக்கு சரிவில் மோதித்தான் மேலே திரும்புகிறது. பிடி தளர்ந்த குண்டு அந்த மோதலில் உள்ளே இறங்கிவிடும். நீளம் குறைந்திருந்தால் அந்தத் தொகுதியைச் சுடாமல் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: வட கரோலினாவில் இருக்கிறேன். லீ கம்பெனியின் ஃபேக்டரி கிரிம்ப் டையைப் போட்டால் எல்லா மாட்டலும் போய்விடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த டையின் பிஸ்டல் வகையில் ஒரு கார்பைடு வளையம் இருக்கிறது. முடிந்த தோட்டாவை அது கடைசியாக ஒருமுறை அளவுக்குள் பிழிந்து அனுப்பும். எனவே தோட்டா சேம்பருக்குள் போகும் என்பது உண்மைதான். ஆனால் 0.356 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள பூச்சுக் குண்டுகளில், கூட்டோடு சேர்த்து உள்ளிருக்கும் குண்டையும் அது சிறுக்கவைக்கலாம். அப்போது பிடி தளரும், குறியும் கெடும். குண்டு சாய்ந்து உட்காருவது முந்தைய கட்டத்தின் கோளாறு. அதை அங்கேயே சரிசெய்யுங்கள். என் தீர்ப்பு: ஜாக்கெட் குண்டு போடுபவர்கள் வாங்கலாம், பூச்சுக் குண்டு போடுபவர்கள் அதை நம்பி மற்ற டைகளைக் கவனிக்காமல் விடக் கூடாது.

கேள்வி: .45 ஏசிபி தோட்டாக்களில் சில கேஸ் கேஜில் தேறுவதில்லை, என் 1911 குழலில் மட்டும் தேறுகின்றன. எதை நம்புவது?

பதில்: அந்தத் துப்பாக்கிக்கு அந்தக் குழலைத்தான். கேஜை மிகக் குறைந்த சேம்பர் அளவுக்குக் கடைகிறார்கள். எனவே அதில் தேறியது பெரும்பாலும் எங்கும் தேறும், தேறாதது கெட்டது என்று அர்த்தமில்லை. அடியைத் திருப்பிக் கேஜில் விட்டுப் பாருங்கள். அதுவே நுழையவில்லை என்றால் எக்ஸ்ட்ராக்டர் இழுத்து இழுத்து விளிம்பில் பிசிறு எழும்பியிருக்கிறது. அப்படிப்பட்டவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். போட்டிக்கு எடுத்துப்போகும் தோட்டா ஒவ்வொன்றும் கேஜில் தேற வேண்டும். பிரைமர் அடிமட்டத்துக்கு மேலே துருத்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

கேள்வி: சேம்பர் சோதனையில் எல்லாம் தேறுகிறது. ஆனாலும் மைதானத்தில் அவ்வப்போது தோட்டா மேகசினிலேயே நின்றுவிடுகிறது, அல்லது மூக்கு சரிவில் குத்தி நிற்கிறது.

பதில்: மேகசின்களுக்கு எண் போடுங்கள். எந்த எண்ணில் சிக்கியது என்று எழுதிவாருங்கள். ஒரே எண்ணில் திரும்பத் திரும்ப வந்தால் தோட்டாவில் குற்றமில்லை. அந்த மேகசினின் உதடோ ஸ்பிரிங்கோ போய்விட்டது. எல்லா எண்ணிலும் வந்தால், சுட்ட கூடுகள் எங்கே விழுகின்றன என்று கவனியுங்கள். காலடியிலேயே சோம்பலாக விழுகின்றன, கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு பின்னால் நிற்பதில்லை என்றால், மருந்தின் வலு ஸ்லைடை முழுதாகப் பின்னுக்குத் தள்ளப் போதவில்லை. உடனே மருந்தைக் கூட்டாமல் குரோனோகிராஃபில் வேகத்தைப் பாருங்கள். 124 கிரெயின் குண்டு வினாடிக்கு 1,010 அடி போனால் பவர் ஃபேக்டர், அதாவது எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த எண், 125.2. யு.எஸ்.பி.எஸ்.ஏ. மைனர் எல்லையான 125-ஐ ஒட்டித் தாண்டுகிறது. அதற்கும் கீழே ஓடும் மெல்லிய தோட்டாவுக்கு ரீகாயில் ஸ்பிரிங்கையும் மெலிதாக மாற்ற வேண்டிவரும்.

சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று கேட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் தங்கியிருக்கலாம். அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். போட்டி நேரம் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, இறக்கிவைத்துப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

கேள்வி: கோவையில் ஒரு ரைஃபிள் கிளப்பில் உறுப்பினர். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் சின்ன ரீலோடிங் பிரஸ்ஸும் டைகளும் கொண்டுவருகிறேன் என்கிறார். காலிக் கூடுகள் கிளப்பிலேயே கிடைக்கும். வீட்டில் செய்யலாமா?

பதில்: கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். பலருக்குத் தெரியாத இன்னொன்று: அந்தச் சட்டத்தில் தோட்டா, வெடிபொருள் என்பதற்கான வரையறைக்குள் அவற்றின் உதிரிபாகங்களும் அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். மருந்தே இல்லாவிட்டாலும், வெறும் இரும்புப் பிரஸ்தானே என்று நீங்கள் நினைத்தாலும், விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் மைத்துனர். கிளப் செயலாளர் வழியாக உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் அனுமதி கையில் வரும் வரை அவரை எதையும் பெட்டியில் வைக்கச் சொல்லாதீர்கள்.