பலாவும் ஹலசும்

மாணவர்களே! மெட்ரோ இரயிலின் ஊதா வழித்தடத்தில் செல்லும்போது நம் நிலையத்தின் பெயர்ப் பலகையைக் கண்டிருப்பீர்கள். வீட்டில் நாம் ‘அல்சூர்’ என்கிறோம். கன்னடத்தில் அது ‘ஹலசூரு’. ஏரியை ஒட்டி முன்னாளில் இருந்த பலாத்தோப்பினால் இப்பெயர் வந்தது என்பர். பலாவைக் கன்னடத்தில் ‘ஹலசு’ என்று அழைப்பர்.

பலா, ஹலசு. இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம், காலப்போக்கில் ஹகரமாக மாறியது. தமிழில் அது மாறாமல் நின்றது. இந்த ஒன்றை அறிந்துகொண்டால் அல்சூர்க் கடைத்தெரு முழுவதும் நமக்குப் பாடநூலாகிவிடும். நாம் பூ வாங்குகிறோம்; அருகில் நிற்பவர் ‘ஹூவு’ வாங்குகிறார். நமது பால் அவருக்கு ‘ஹாலு’, பத்து ‘ஹத்து’. புளிப்பு ‘ஹுளி’ ஆகும்; புலியோ ‘ஹுலி’ ஆகும். லகர ளகரத்தை மாற்றி ஒலித்தால் இரு மொழியினரும் சிரிப்பர்!

உணவு விடுதியில் சற்றே விழிப்பு வேண்டும். ‘சாறு’ என்று கேட்டால் பழச்சாறு வராது, இரசம் வரும். இதில் வியப்பில்லை. தமிழ் வைணவ இல்லங்களில் இரசத்தை இன்றும் ‘சாற்றமுது’ என்றே கூறுவர். இட்லிக்கு மட்டும் எந்த விளக்கமும் தேவையில்லை.

உண்டபின் சோமேசுவரர் கோவிலுக்குச் செல்லலாம். கெம்பெகௌடர் மரபினரோடு தொடர்புடைய இக்கோவிலில், இராவணன் கயிலையைத் தூக்கும் சிற்பமும் தமிழ்நாட்டு நாயன்மார்களின் உருவங்களும் உள்ளன. 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியபின், தமிழர் பலர் இப்பகுதியில் குடியேறினர். நாயன்மார்களோ அவர்களுக்கு முன்பே வந்துவிட்டனர்!

ஏரிக்கு அருகில் திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். 1991இல் நிறுவப்பட்ட இச்சிலை, மொழிப் பூசலால் 18 ஆண்டுகள் மூடப்பட்டே கிடந்தது. காவிரிச் சிக்கல் கலவரமாக வெடித்ததும் அவ்வாண்டில்தான். அந்நாள்களை நினைவிற்கொண்ட பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பர், கேட்டறியுங்கள். 2009 ஆகஸ்டு 9 அன்று, இரு மாநில முதலமைச்சர்களும் பங்கேற்ற விழாவில் சிலை திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. வள்ளுவர் ஈரடியில் பாடினார். சர்வக்ஞர் மூவடியில் பாடினார். சந்தையில் பத்தும் ஹத்தும் நாள்தோறும் கைமாறும் ஊரில், இரு புலவர்க்கு இடம் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்றே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சொற்பொருள்
பூசல் – சண்டை. ஈரடி – இரண்டு அடி. விழிப்பு – கவனம்.

பயிற்சி
1. பல், பெயர், பழைய ஆகிய சொற்களுக்குரிய கன்னடச் சொற்களை அண்டை வீட்டாரிடம் கேட்டு எழுதுக. முதலெழுத்து எவ்வாறு மாறியுள்ளது?
2. சிலை திறக்கப்பெற்ற நாளை உங்கள் வீட்டுப் பெரியவர் எவரேனும் கண்டிருந்தால், அவர் கூறியதை ஐந்து தொடர்களில் எழுதுக.
3. பையப்பனஹள்ளி, திருச்சிராப்பள்ளி: இவ்விரு ஊர்ப்பெயர்களிலும் ஒத்த பகுதியை அடிக்கோடிடுக.