உரிமையும் உறவும்

கேள்வி: பாடகர் எஸ்.பி.பி. 2017 அமெரிக்கப் பயணத்தில் இசையமைப்பாளர் இளையராஜாவின் பாடல்களைப் பாடாமல் விட்டது ஏன்?
– வாசகி, நீலாய்

பதில்: திரையிசையில் 50 ஆண்டு கண்டதைக் கொண்டாட எஸ்.பி.பி. உலகம் சுற்றினார். மலேசியாவிலும் பாடிவிட்டு, 2017 மார்ச்சில் அமெரிக்காவில் இருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது: அனுமதியின்றி இளையராஜா பாடல்களைப் பாடக்கூடாது. சட்டமென்றால் கட்டுப்படுகிறேன் என்ற அவர், மற்ற இசையமைப்பாளர்களின் பாடல்களோடு பயணத்தைத் தொடர்ந்தார். கடுஞ்சொல் வேண்டாமென்று ரசிகர்களையும் கேட்டுக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை என்றும் நினைவில் நிற்கும்.

படைத்தவர் தன் பங்கைக் கேட்பதும் நியாயமே. டிக்கெட் விற்கும் கச்சேரிக்கு உரிமத்தொகை கட்டுவது ஏற்பாட்டாளரின் கடமை. பிணக்கு நீடிக்கவில்லை; 2019 ஜூனில் சென்னை மேடையில் எஸ்.பி.பி.யும் இளையராஜாவும் மீண்டும் இணைந்தார்கள். 2020 செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பி. மறைந்தார்.

உங்கள் ஊரில் கலைநிகழ்ச்சி நடத்துபவர்களிடம் சொல்லுங்கள்: மேடை போடும் முன்பே பாடல் உரிமத்தை வாங்கிவிடட்டும்.