கஃபீன் நீக்கிய கோப்பி: பக்கட்டை வாசித்து வாங்குவோம்

சில வருடங்களுக்கு முன்னர், எனது கடைக்கு வழமையாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "மகன், டொக்டர் கஃபீனைக் குறைக்கச் சொல்லிட்டார். அது எடுத்த கோப்பி இருக்கா?" என்று கேட்டார். 'மைல்ட்' என்று அச்சிட்டிருந்த பக்கட் ஒன்றைக் கொடுத்தேன். நான்காம் நாள் அதே பக்கட்டுடன் திரும்பி வந்தார். "மூணு ராத்திரியா நித்திரை இல்ல மகன்" என்றார். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பின்னர் தேடி அறிந்தவற்றை வியாபாரிகளுக்கும் பாவனையாளர்களுக்குமாக இங்கு தருகிறேன்.

முதலாவது, பெயர். 'டிகஃபினேட்டட்' அல்லது 'டிகாஃப்' என்ற சொல் பக்கட்டில் தெளிவாக இருக்க வேண்டும். மைல்ட், லைட் என்பன சுவையையோ வறுவலையோதான் குறிக்கும். டிகாஃப் என்றாலும் கஃபீன் அறவே இல்லை என்பதல்ல. சாதாரண கோப்பி ஒரு பெரிய கோப்பையில் ஏறத்தாழ 95 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். டிகாஃபில் பெரும்பாலும் 2 முதல் 15 மில்லிகிராம் வரை இருக்கும். நோயாளிக்கு விற்கும்போது இதைச் சொல்லியே விற்க வேண்டும்.

இரண்டாவது, கொட்டை. ரொபஸ்டா இனத்தில் அரபிக்காவை விட ஏறத்தாழ இரு மடங்கு கஃபீன் உண்டு. எனவே இரண்டிலும் ஒரே வீதத்தில் நீக்கினாலும் ரொபஸ்டாவில் எஞ்சுவது அதிகம். நீக்கும்போது சுவையிலும் ஒரு பகுதி போய்விடுவதால், தரம் குறைந்த கொட்டை மேலும் சப்பென்றாகிவிடும்.

மூன்றாவது, நீக்கிய முறை. 1900களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் பிரேமன் நகரில் லுட்விக் ரோசெலியஸ் இதை வர்த்தக ரீதியில் ஆரம்பித்தபோது பென்சீன் பயன்படுத்தப்பட்டது. அது புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்பதால் பின்னர் கைவிடப்பட்டது. இன்று மெதிலீன் குளோரைட், எதைல் அசிட்டேட், தண்ணீர், கரியமில வாயு ஆகியவற்றால் நீக்குகிறார்கள். மெதிலீன் குளோரைட் வறுத்த கோப்பியில் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் எஞ்சக் கூடாது என்பது அமெரிக்க விதி. இரசாயனக் கரைப்பான் வேண்டாம் என்போர் தண்ணீர் அல்லது கரியமில வாயு முறை என்று எழுதியுள்ளதைத் தெரிவு செய்யலாம். முறை எழுதப்படாவிட்டால் விநியோகத்தரிடம் கேளுங்கள்.

நான்காவது, திகதி. டிகாஃப் கோப்பி வாசனையைச் சீக்கிரம் இழந்துவிடும். கடையிலோ மெதுவாகத்தான் விற்கும். ஆகவே சிறிய பக்கட்டுகளாக, குறைவாகக் கொள்வனவு செய்யுங்கள். மலிவு விலைக்காகப் பெட்டி பெட்டியாக வாங்கினால் முதல் முடங்கும்.

நாக்கினால் கஃபீனின் அளவைச் சோதித்துப் பார்க்க முடியாது. வாங்குபவர் நமது வார்த்தையை நம்பியே பணம் தருகிறார். அன்று "எனக்குத் தெரியாது சேர், விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தால் ஒரு பக்கட் விற்காமல் போயிருக்கும், அவ்வளவுதான். அந்த ஆசிரியர் இப்போதும் வருகிறார். பக்கட்டை நான் வாசித்த பின்பே அவர் கையில் கொடுக்கிறேன்.