பங்கு வாங்க எந்த புரோக்கர்? கட்டணம் வாங்கும் விதத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

எந்த புரோக்கர் மூலம் பங்கு வாங்கினாலும் நம் ஆர்டர் என்.எஸ்.இ அல்லது பி.எஸ்.இ-க்குத்தான் போகிறது. அங்கே நல்ல விலை கேட்டவருக்கு முதலிடம். விலை ஒன்றாக இருந்தால் முன்னால் வந்தவருக்கு. பங்கு அடுத்த வேலை நாளில் டீமேட் கணக்குக்கு வந்துவிடும். இதில் எல்லோரும் சமம். வித்தியாசம் எல்லாம், புரோக்கர் எதற்குப் பணம் வாங்குகிறார் என்பதில்தான்.

சதவிகிதக் கட்டணம்

கிளைகள் வைத்திருக்கும் முழுச்சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாங்குகின்றன. 0.5% என்றால், 50,000 ரூபாய்ப் பங்குக்கு 250 ரூபாய், 18% ஜி.எஸ்.டி-யோடு 295. விற்கும்போது மறுபடியும் உண்டு. பதிலுக்கு, போனில் ஆர்டர் போட ஆள் இருப்பார், ஆய்வறிக்கை வரும். கட்டணத்தைப் பேசிக் குறைக்கவும் இடமுண்டு.

ஆர்டருக்கு இவ்வளவு

2010-ல் பெங்களூருவில் தொடங்கிய ஜெரோதா போன்ற டிஸ்கவுன்ட் புரோக்கர்களின் வழி இது. ஆர்டருக்கு 20 ரூபாய் என்றால், ஜி.எஸ்.டி-யோடு 23.60. பெரிய தொகைக்கு இது லாபம். ஆனால் 2,000 ரூபாய்க்கு வாங்குபவருக்கு அந்த 20 ரூபாயே 1% ஆகிவிடும். சிலர் டெலிவரிக்கு (அதாவது, வாங்கிய பங்கை டீமேட் கணக்கில் எடுத்து வைத்துக்கொள்வதற்கு) கட்டணமே வாங்குவதில்லை. அவர்களுக்கு இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது), எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்), பங்கு வாங்கத் தரும் கடனின் வட்டி ஆகியவற்றிலிருந்து வருமானம் வருகிறது. எஃப் அண்ட் ஓ-வில் 2022 முதல் 2024 வரையிலான 3 நிதியாண்டுகளில் 93% தனிநபர்கள் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வு சொல்கிறது. ஆப் உங்களை அந்தப் பக்கம் இழுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

விலைக்குள் லாபம்

பங்குகளை விட்டு பாண்டுகளுக்கு (கடன் பத்திரங்களுக்கு) வந்தால், அங்கே டீலர் தன் கையிருப்பிலிருந்தே விற்பதுண்டு. அப்போது பில்லில் புரோக்கரேஜ் இருக்காது. வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே அவர் வருமானம். அதே பாண்டுக்கு வேறு இடங்களில் என்ன யீல்டு (போட்ட பணத்துக்கான வருட வருமான விகிதம்) கிடைக்கிறது என்று பாருங்கள். “இன்றே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?” என்றும் கேளுங்கள்.

யாருக்கு எது?

தானே முடிவெடுத்து, வாங்கியதை வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்கு, டெலிவரிக் கட்டணம் இல்லாத டிஸ்கவுன்ட் புரோக்கர் போதும். ஆப் பழக்கமில்லாத பெரியவர்களுக்குக் கிளையுள்ள நிறுவனம் நல்லது. அந்தக் கூடுதல் செலவில் தவறில்லை. எதை வாங்குவது என்ற ஆலோசனைதான் தேவை என்றால், செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகருக்குத் தனிக் கட்டணம் கொடுங்கள். நீங்கள் வாங்கினாலும் விற்றாலும் வருமானம் பார்ப்பவரிடம், ‘சும்மா இருங்கள்’ என்ற அறிவுரையை எதிர்பார்ப்பது கஷ்டம்.

கணக்கு தொடங்குமுன் டீமேட்டின் வருடப் பராமரிப்புக் கட்டணம், விற்கும்போது டீமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்குப் பிடிக்கும் டி.பி கட்டணம், கடன் வட்டி மூன்றையும் கேளுங்கள். டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1% எஸ்.டி.டி (பங்குப் பரிவர்த்தனை வரி) எங்கும் ஒன்றுதான். அதில் சலுகை தர யாராலும் முடியாது. முதல் ஆர்டர் முடிந்த 24 மணி நேரத்துக்குள், விலையும் கட்டணங்களும் அடங்கிய பில்லான கான்ட்ராக்ட் நோட் வந்துவிட வேண்டும். அதை வரிவரியாகப் படியுங்கள். சொன்ன கட்டணமும் பிடித்த கட்டணமும் ஒத்துப்போனால் மட்டும் அங்கே தொடருங்கள்.